இடுப்பைப் பிடிக்காமல் ஒரு ராட்சத ரோபோ நடக்குமா?

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் ராட்சத ரோபோவை நிஜமாகவே செய்து பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். 18 மீட்டர் உயரம், ஆறு மாடிக் கட்டடம் அளவு. எடை 25 டன். பெயரை ஜப்பானியர்கள் ‘கன்டாமு’ என்பார்கள், நாம் குண்டம் என்றே வைத்துக்கொள்வோம். அது தலையைத் திருப்பும், விரல்களை மடக்கும், முழங்காலைத் தூக்கி ஒரு எட்டு முன்னே வைக்கும். வீடியோவைப் பார்த்த என் அக்கா மகன், “மாமா, நடக்குது!” என்று குதித்தான். நான் வீடியோவை நிறுத்தி அதன் இடுப்பைக் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு கனமான இரும்புத் தாங்கி வந்து இடுப்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. நடக்கும் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிப்போமே, அதே கதைதான்.

அவன் விடவில்லை. “எடைதானே பிரச்சினை? முழுசா கார்பன் ஃபைபர்ல செஞ்சா?”

இயந்திர வடிவமைப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் சும்மா மழுப்ப முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யாரோ ஒருவர் பணத்தைக் கையில் கொடுத்து, “எந்தப் பொருளில் செய்யலாம், எந்த அளவில் செய்யலாம்” என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பழைய விதி. 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார்: ஒரு உருவத்தை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்கினால் கனஅளவு 1000 மடங்காகும், ஆனால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான் ஆகும். 1.8 மீட்டர், 80 கிலோ ஆளை அப்படியே 18 மீட்டருக்குக் கொண்டுபோனால் 80 டன். எலும்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 மடங்கு சுமக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு “ஆகவே ராட்சத ரோபோ சாத்தியமே இல்லை” என்று முடித்துவிடுகிறவர்கள் நிறைய. அது அவசர முடிவு. சாதாரணக் கட்டுமான இரும்பில் ஒரு நேர்த்தூணை நிறுத்தினால், வளையாமல் பார்த்துக்கொண்டால் போதும், அது தன் எடையாலேயே நசுங்க 3 கிலோமீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். 18 மீட்டரெல்லாம் இரும்புக்குப் பொருட்டே இல்லை.

நடப்பதற்கும் எடை தடையில்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் ‘பிக் மஸ்கி’ என்று ஒரு நிலக்கரிச் சுரங்க இயந்திரம் 1969 முதல் 1991 வரை வேலை செய்தது. எடை 12,000 டன்னுக்கு மேல். அதற்குச் சக்கரம் கிடையாது, ஹைட்ராலிக் பாதங்களை ஊன்றித்தான் நகர்ந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் அந்தப் பெரிய சக்கர வெட்டு இயந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அளவு ஓரளவு பிடிபடும். ஆனால் பிக் மஸ்கி ஒவ்வொரு எட்டுக்கும் வயிற்றைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். விழுவதற்கு வழியே இல்லை. ஆக, கனமான இயந்திரம் நடக்கலாம். ஒல்லியாக, உயரமாக, இரண்டே காலில் நடக்க வேண்டும் என்று நாம் பிடிக்கும் அடம்தான் சிக்கல்.

சரி, பொருள்களுக்கு வருவோம். எனக்கே ஒவ்வொரு முறையும் வேடிக்கையாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதை அதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். இரும்புக்கு விறைப்பு 200 (கிகாபாஸ்கல் கணக்கில்), அடர்த்தி 7.85 (கனசென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்), வகுத்தால் சுமார் 25. அலுமினியத்துக்கு 71, 2.8, மறுபடியும் 25. டைட்டேனியத்துக்கு 114, 4.43, அதுவும் ஏறக்குறைய 25. மக்னீசியத்துக்கு 45, 1.8, அதே 25. யாரோ உட்கார்ந்து சரிக்கட்டியதைப் போல. ரோபோவின் கால் இத்தனை பருமன்தான் இருக்க வேண்டும், இவ்வளவுதான் வளைய வேண்டும் என்று இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டால், இந்த நான்கில் எதில் செய்தாலும் காலின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். அலுமினியக் குழாயின் சுவர் தடிமனாகிவிடும், அவ்வளவே. தடித்த சுவர் சட்டென்று நெளியாது என்பது ஒரு லாபம். விமானத்தில் அலுமினியம் ஜெயிப்பதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் “இரும்புக்குப் பதிலா டைட்டேனியம் போட்டா எடை பாதியாகும்” என்பது, வளைவுதான் கவலை என்கிற இடத்தில், பொய்.

உடைவுதான் கவலை என்கிற இடத்தில் கதை மாறும். அங்கே வலிமையை அடர்த்தியால் வகுக்க வேண்டும். நல்ல ரக இரும்பைவிட விமான அலுமினியமும் டைட்டேனியமும் சுமார் இரண்டு மடங்கு முன்னே நிற்கும். கணுக்கால் பின், முழங்கால் அச்சு போன்ற இடங்களுக்கு டைட்டேனியம் சரிதான், காசு கொடுப்பவர் இருந்தால். நடப்பது என்றாலே ஆட்டம், ஆட்டத்தைத் தீர்மானிப்பது விறைப்பு. அதனால் எலும்புக்கூடு முழுவதையும் டைட்டேனியத்தில் வார்ப்பது என் கண்ணுக்கு வீண் செலவு. குண்டம் கதையில் கவசம் ‘லூனா டைட்டேனியம்’ என்று வரும். பெயர் அழகு, அதோடு விட்டுவிடலாம்.

அந்த 25-ஐ உண்மையில் உடைப்பது கார்பன் ஃபைபர்தான். இழைகளை ஒரே திசையில் அடுக்கினால் அந்தத் திசையில் கணக்கு 80-ஐத் தொடும், உலோகங்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல். போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி இந்த வகைக் கலப்புப் பொருள். நம் நெடுஞ்சாலைகளில் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று. கடலில் நிறுத்தும் காற்றாலைகளுக்கு 107 மீட்டர் இறக்கைகூட வந்துவிட்டது, குண்டத்தைப்போல் ஆறு மடங்கு. கண்ணாடி இழையும் கார்பன் இழையும் இல்லாமல் அதைச் செய்திருக்கவே முடியாது. அப்படியென்றால் ராட்சத உருவத்துக்கு லேசான பொருள் உதவுகிறது என்றுதானே அர்த்தம்?

உதவுகிறது. ஆனால் அந்த இறக்கைக்கு ஒரே ஒரு மூட்டு, அடியில். முழங்கால் இல்லை, கணுக்கால் இல்லை. மூட்டு வந்துவிட்டால் விசை நாலா பக்கமும் திரும்பும், இழைகளையும் நாலா பக்கமும் அடுக்க வேண்டும். அடுக்கினால் அந்த மூன்று மடங்கு, ஒன்றரை மடங்குக்குள் சுருங்கிவிடும். அப்புறம் பின் போட ஓட்டை வேண்டும். கார்பனில் ஓட்டை போட்டால் அந்த ஓரத்தில்தான் முதலில் கிழியும், ஆகவே ஓட்டையைச் சுற்றி உலோகத்தைப் பதிக்க வேண்டும். லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அது பேட்மிண்டனில் விளங்கியது. டபுள்ஸ் ஆடும்போது என் ராக்கெட்டும் கூட்டாளியின் ராக்கெட்டும் ‘டக்’ என்று மோதின. தடவிப் பார்த்தேன், பெயின்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, வேறொன்றும் இல்லை. இரண்டு வாரம் அதையே வைத்து ஆடினேன். புது நரம்பு கட்டக் கொடுத்தபோது, மெஷினில் இழுவை ஏறியதும் அந்தக் கோட்டின் இடத்திலேயே ஃபிரேம் மடங்கிப்போனது. உள்ளே அடுக்குகள் எப்போதோ பிரிந்திருந்தன. இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் பெரும்பாலும் மூச்சு விடாது. ஒவ்வொரு எட்டும் ஒரு அடி என்கிற இயந்திரத்தின் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் நான் கார்பனைத் தொடமாட்டேன். கைகள், மார்பு, தலை, மேலோடு, இவற்றுக்குத் தாராளமாக. யோகோஹாமாவிலும் அதைத்தான் செய்தார்கள்: அசையும் எலும்புக்கூடு இரும்பு, மேல்சட்டை இழைப் பிளாஸ்டிக்.

நானோ குழாய் (கார்பன் அணுக்களால் ஆன நுண்ணிய குழாய்), கிராஃபீன் ஏரோஜெல் (கார்பனில் செய்த, பெரும்பாலும் காற்றே நிறைந்த பஞ்சு மாதிரிப் பொருள்) என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-இல் டேன்டேலியன் பூவின் பஞ்சு மேல் உட்கார்ந்த உலோக வலைப்பின்னல், 2013-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகம் செய்த, கனசென்டிமீட்டருக்கு 0.16 மில்லிகிராம் எடையுள்ள ஏரோஜெல், இரண்டும் உண்மை. ஆனால் லேசாக இருப்பது வேறு, எடைக்கு ஏற்ற பலம் இருப்பது வேறு. பஞ்சு மிட்டாயும் லேசுதான். நானோ குழாய் தனி இழையாக இரும்பைப் பல மடங்கு மிஞ்சும், கயிறாக முறுக்கிய பிறகு சந்தையில் இருக்கும் நல்ல கார்பன் ஃபைபரைத் தாண்டவே திணறுகிறது. மேலும் அது இழுவைக்குத்தான் ராஜா. கால் என்பது அமுக்கத்தைத் தாங்கும் உறுப்பு. இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

இதுவரை எலும்பைப் பற்றியே பேசினோம். ஆனால் எடையில் பெரும் பங்கு எலும்பு அல்ல. தெருவில் ஜேசிபி வேலை செய்தால் ஐந்து நிமிடம் நின்று அதன் கையைப் பாருங்கள். கை முழுக்க உள்ளே வெற்றிடமான பெட்டி, தகடுகளை வைத்து வெல்டு செய்தது. அதன் முதுகில் பளபளக்கும் தண்டோடு சிலிண்டர்கள், விரல் தடிமன் ஹோஸ்கள், ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் வழியும் பின். அவற்றுக்குப் பின்னால் பம்பு, எண்ணெய்த் தொட்டி, இன்ஜின். இதில் கார்பன் ஃபைபரால் மாற்றக்கூடியது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

முழங்காலுக்கு ஒரு கணக்கு. 60 டன் ரோபோ, ஒற்றைக் காலில், முழங்கால் சற்று மடங்கிய நிலை. முழங்காலுக்கு மேலே 50 டன், அந்த எடை முழங்காலிலிருந்து 1 மீட்டர் தள்ளி விழுகிறது என்று வையுங்கள். சிலிண்டர் அரை மீட்டர் நெம்புகோலில் பிடித்தால் 100 டன் தள்ள வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ என்றால் 19 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் போதும். கடையில் கிடைக்கிற சமாச்சாரம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தண்டு வினாடிக்கு அரை மீட்டர் ஓட வேண்டும் என்றால் அந்த ஒரு முழங்காலுக்கே 500 கிலோவாட், கிட்டத்தட்ட 670 குதிரைத்திறன். இடுப்பு, கணுக்கால், இன்னொரு கால் எல்லாம் பாக்கி.

இங்கேதான் லேசான பொருளின் உண்மையான பலன் வருகிறது, சுற்றுவழியில். மேலே 10 கிலோ குறைத்தால் கீழே சிலிண்டர் சிறிதாகும், அதனால் பம்பு சிறிதாகும், அதனால் கால் மெலியும். வட்டிக்கு வட்டி மாதிரி. ஆனால் எலும்புக்கூடு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்து, அதைப் பாதியாக்கினாலும் முதல் சுற்றில் கிடைப்பது ஆறில் ஒரு பங்குதான். 60 டன் 50 டன்னாகும். அடுத்தடுத்த சுற்றுகளில் இன்னும் கொஞ்சம். 6 டன் ஆகாது. லேசாக வேண்டியது எலும்பு இல்லை, தசை. அந்தத் தசைக்கு இன்னும் மாற்றுப் பொருள் வரவில்லை.

சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டாவின் அசிமோ ரோபோ, தன் எடைக்கு, மனிதன் நடக்கச் செலவிடுவதைப்போல் சுமார் 16 மடங்கு ஆற்றலைத் தின்றது. அதே பசியோடு 25 டன் ரோபோ வினாடிக்கு 1 மீட்டர் நடந்தால் சுமார் 785 கிலோவாட். கல்யாண மண்டபத்துக்கு வெளியே உறுமும் ஜெனரேட்டர் 100 கிலோவாட் என்று வைத்தால், ஏழெட்டு வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு நாலரை டன் பேட்டரி. அதையும் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

லேசாக இருப்பது நேரடியாகப் பலன் தரும் இடம் ஒன்று உண்டு: தரை. வீடு கட்ட மண் பரிசோதனை செய்தால், சாதாரண மண் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 டன் தாங்கும் என்று எழுதித் தருவார்கள். 18 மீட்டர் உருவத்தின் ஒரு பாதம் சுமார் 2 சதுர மீட்டர். 80 டன் ஆள் ஒற்றைக் காலில் நின்றால் சதுர மீட்டருக்கு 40 டன், கால் புதைந்துவிடும். 25 டன் ஆள் நின்றால் 12.5 டன், நல்ல மண்ணில் தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே எடை குறைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அதற்கும் கீழே ஒரு எல்லை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று. அந்த உருவம் முன்பக்கம் காட்டும் பரப்பு 65 சதுர மீட்டர் அளவுக்கு வரும். வர்தா புயல் அளவுக்கெல்லாம் போக வேண்டாம், மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று அடித்தால் போதும், ஒன்றே முக்கால் டன் விசை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பாதத்தின் நீளத்தை வைத்துப் பார்த்தால், எடை 12 டன்னுக்குக் கீழே போய்விட்டால் ரோபோ அப்படியே மல்லாந்துவிடும். 20 டன் எக்ஸ்கவேட்டர் தன் பின்பக்கத்தில் சுமார் 4 டன் வெறும் இரும்பை வேண்டுமென்றே சுமந்து திரிகிறது. கவிழாமல் இருக்க கனம் வேண்டும்.

காற்றடைத்த ரோபோ என்பதும் ஒரு தேர்வுதான், கிண்டல் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், ஹீலியம் பலூன் உடம்பும் குச்சிக் கால்களுமாக ‘பல்லு’ என்று ஒன்றைச் செய்தார்கள். அது கீழே விழவே விழாது. அதை 18 மீட்டருக்குப் பெருக்கினால்? மனித வடிவ உடம்பின் கனஅளவு 80 கனமீட்டர். ஹீலியம் கனமீட்டருக்குச் சுமார் 1 கிலோ தூக்கும். ஆறு மாடி உயர பலூன் முழுக்க ஹீலியம் அடைத்தால் தூக்குவது 80 கிலோ, ஓட்டுநர் ஒருவரை மட்டும், அதுவும் பலூன் துணியின் எடையைக் கழிக்காமல். கோயில் திருவிழாவுக்கு நன்றாக இருக்கும்.

விழுவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 18 மீட்டர் கம்பம் நின்ற இடத்திலிருந்து சாய்ந்தால் உச்சி தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு 60. இதில் எடைக்கு வேலையே இல்லை. கார்பனோ இரும்போ, வேகம் ஒன்றுதான், உயரம் மட்டும்தான் தீர்மானிக்கிறது. மறுபடியும் கலிலியோ வந்து நிற்கிறார். நாமெல்லாம் நடக்கப் பழகும்போது நூறு தடவை விழுந்தோம். இந்த ரோபோவுக்கு ஒரு தடவைகூட அனுமதி கிடையாது.

அதனால்தான், நிஜத்தில் செய்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு இடத்தில் சமரசம் செய்திருக்கிறார்கள். பிரான்சின் நான்ட் நகரத்து இயந்திர யானை 12 மீட்டர் உயரம், 48 டன், முதுகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. கால்கள் அழகாக அசையும், எடையைத் தாங்குவது வயிற்றுக்கு அடியில் இருக்கும் சக்கரங்கள். 2023-இல் ஜப்பானில் வந்த ஆர்காக்ஸ் 4.5 மீட்டர், 3.5 டன், உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டலாம், நாலு சக்கரம். உண்மையாகவே தன் காலில் நடக்கும் பெரிய ஆள் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஃபுர்த் இம் வால்டு ஊர் நாடக டிராகன்: 8 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், 15 மீட்டருக்கு மேல் நீளம், 11 டன். நாலு கால். விசித்திரப் பொருள் எதையும் நம்பி நிற்கவில்லை, டீசல் இன்ஜினும் ஹைட்ராலிக்கும்தான்.

இப்போது என்னிடம் பணத்தைக் கொடுத்தால்? 18 மீட்டர், இரண்டு கால் என்று ஒற்றைக் காலில் நின்றால், யோகோஹாமாக்காரர்கள் செய்ததையே செய்வேன். கதையில் வரும் குண்டம் 43.4 டன். நிஜக் குண்டம் 25 டன்தான், ஆனால் அதில் இன்ஜின் இல்லை, ஓட்டுநர் இல்லை, கவசம் இல்லை. அவ்வளவையும் கழித்த பிறகும் இடுப்பில் தாங்கி தேவைப்பட்டது. முழுக் கார்பன் என்று கேட்டால் செலவு எகிறும், தாங்கி அப்படியே இருக்கும். என் ஓட்டு 8 மீட்டருக்கு, நாலு காலுக்கு. கணுக்காலும் முழங்காலும் உயர்ரக இரும்பு, தொடைக்கு மேலே அலுமினியம், முதுகுக்கு மேலே கார்பன். இன்ஜினை வயிற்றில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைப்பேன். ஓட்டுநர் இருக்கை தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல் போகாது.

அக்கா மகனிடம் படம் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இது மாடு மாதிரி இருக்கே மாமா?”

கொம்பு வேண்டுமானால் கார்பனில் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.